கொக்குக் கணக்கு

எனக்கு டோக்கன் 47. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர். பெயர் சொல்ல மாட்டேன். நல்ல கைராசிக்காரர், என் முதுகு வலி மறுபடியும் அந்த வாசலில்தான் என்னைக் கொண்டுபோய் நிறுத்தும்.

"டாக்டர் ஆறு மணிக்கு வந்துருவாங்க சார், நீங்க அஞ்சரைக்கு வந்துருங்க" என்று போனில் சொன்ன பிள்ளையின் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. முகூர்த்தம் குறித்துக் கொடுக்கும் ஜோசியர் மாதிரி சொன்னாள். நம்பிப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி இருபது. ஆள் அறுபது. மின்விசிறி இரண்டு, ஒன்று சுற்றியது, மற்றது அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறரைக்குக் கேட்டேன். "கிளம்பிட்டாங்க." ஏழுக்குக் கேட்டேன். "ரவுண்ட்ஸ்ல இருக்காங்க." கிளம்பியவர் எப்படி ரவுண்ட்ஸில் இருப்பார் என்று கேட்கவில்லை, கேட்டால் 47 அப்படியே திரும்பி 74 ஆகிவிடும். ஏழரைக்கு, "வண்ணார்பேட்டை தாண்டியாச்சு." வண்ணார்பேட்டையிலிருந்து அந்த வாசலுக்கு சைக்கிளை மெதுவாக மிதித்தாலும் கால்மணி நேரம் ஆகாது. எட்டு மணிக்கும் அவர் வண்ணார்பேட்டையைத் தாண்டிக்கொண்டுதான் இருந்தார். அனுமார் கடலையே இதைவிடச் சீக்கிரம் தாண்டியிருப்பார்.

எட்டரைக்குக் கார் வந்து நின்றது. வராந்தா மொத்தமும் எழுந்து நின்றது. மூன்று மணி நேரம் நம்மை உட்காரவைத்தவர் வரும்போது நாமே எழுந்து நிற்கிறோம் பாருங்கள், அதை ஓர் ஓரமாகக் குறித்து வையுங்கள்.

டோக்கன் 1 உள்ளே போகும் என்று நினைத்தீர்களா? கழுத்தில் டை, கையில் கறுப்புப் பையோடு மருந்துக் கம்பெனிப் பையன்கள் நாலு பேர் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை, தினமும் இப்படி ஆறு வாசலில் நின்று பிழைக்கிற பிள்ளைகள். அடுத்து சபாரி உடுத்திய ஒருவர். எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை. கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் உள்ளே விட்டு, "ரிப்போர்ட் மட்டும் காட்டணும், ஒரு நிமிசம்" என்றார். உடம்பும் பின்னாலேயே போய்விட்டது. வர இருபது நிமிஷம்.

இந்த "மட்டும்" இருக்கிறதே, திருநெல்வேலிச் சீமையில் வரிசையை உடைக்கும் கடப்பாரை இதுதான். கையெழுத்து மட்டும். ஒரு டிக்கெட் மட்டும். ஒரு வார்த்தை மட்டும். டோக்கன் 12 ஒரு சின்னப் பெண். மடியில் காய்ச்சல் குழந்தை, துவண்ட கீரைத்தண்டு மாதிரி கிடந்தது. அவளுக்கு "மட்டும்" சொல்லத் தெரியவில்லை. அதனால் ஒன்பதரை வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பக்கத்தில் ஒருவர், போனைச் சத்தமாக வைத்து, ஒரே பாட்டின் ஒரே வரியை வேறு வேறு ஆட்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, கொஞ்சம் சத்தத்தக் கொறைங்களேன்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "ஏன், ஒமக்குப் பாட்டு புடிக்காதா?" என்றார்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து கணக்குப் போட உட்கார்ந்தேன். நிலத்துக்கு ஏக்கர், சென்ட் இருக்கிறது. அணைக்கு அடி இருக்கிறது. பாபநாசம் எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி என்று தினமும் பேப்பரில் போடுகிறார்கள். பொழுதெல்லாம் வாசலில் நிற்கிறோமே, அதை அளக்க மட்டும் ஏன் ஓர் அளவை இல்லை? ஆகவே நானே உண்டாக்கினேன். ஓர் ஆள், ஒரு மணி நேரம், காரணம் சொல்லப்படாமல் காத்திருந்தால் அது ஒரு கொக்கு. கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கொக்கிரகுளத்தின் பெயரிலேயே பறவை நிற்கிறது, வேறு எங்கே போய்த் தேட? ஒரே வித்தியாசம், கொக்கு நிற்பதற்குக் கடைசியில் ஒரு மீனாவது கிடைக்கும்.

அறுபது ஆள், மூன்று மணி நேரம். டாக்டர் ஒரே சாயங்காலத்தில் 180 கொக்கு சம்பாதித்துவிட்டார். ஃபீஸ் தனி.

சம்பாதித்தார் என்று தெரிந்துதான் சொல்கிறேன். நம்ம ஊரில் ஓர் ஆள் பெரிய ஆளா இல்லையா என்று அறிய அவர் சொத்துப் பத்திரத்தைப் பார்க்க வேண்டாம். அவருக்காக வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணினால் போதும். சொன்ன நேரத்துக்கு ஒருவர் வந்துவிட்டால், "வேற சோலி இல்ல போல" என்று நாமே அவரைத் தள்ளுபடி செய்துவிடுகிறோம். பத்து மணி என்று பத்திரிகையில் போட்ட கல்யாண வரவேற்புக்குப் பத்து மணிக்குப் போனவன், பந்தலில் நாற்காலி அடுக்குகிற பையனோடு சேர்ந்து நாற்காலி அடுக்க வேண்டியதுதான். அடுக்கியிருக்கிறேன்.

ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. இதற்கும் பெயர் வேண்டாம், பேரன் அங்கேதான் இன்னும் படிக்கிறான். நாலு மணிக்கு விழா. மூன்றுக்கே பிள்ளைகளுக்கு அரிதாரம் பூசி, மைதானத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வந்தது ஆறே முக்காலுக்கு. முந்நூறு பிள்ளைகள், இரண்டே முக்கால் மணி நேரம்: 825 கொக்கு. அதுவும் குஞ்சுக் கொக்கு. நடுவில் ஒரு பாரதியார் இருந்தார். வயது ஐந்து. பாரதி இந்த ஊர் ஹிந்து கல்லூரிப் பள்ளியில் படித்தவர் என்பதால் எந்த விழாவிலும் நமக்கு ஒரு பாரதி இல்லாமல் தீராது. வேர்வையில் மீசை கரைந்து தாடியாக இறங்கிவிட்டது. முண்டாசை மடியில் வைத்துக்கொண்டு, அக்கினிக் குஞ்சு தூங்கிப்போனது. வந்த பெரியவர் மைக்கைப் பிடித்ததும், "டிராபிக்ல மாட்டிக்கிட்டேன்" என்றார். அவர் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு. நாற்பது நிமிஷம் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிவிட்டு, இன்னொரு விழா இருக்கிறது என்று கிளம்பினார். அவரோடு முன்வரிசையும் கிளம்பியது. பாரதியை எழுப்பி மேடையேற்றியபோது, எதிரே வெறும் நாற்காலிகள்.

இவை மொத்த வியாபாரம். சில்லறை வியாபாரமும் உண்டு.

தனக்காகக் காத்திருக்க யாரும் இல்லாத சாமானியன் என்ன செய்வான்? நாள் முழுக்கக் கொக்காக நின்றுவிட்டு வருகிறவன், சாயங்காலம் ஓர் அஞ்சு நிமிஷமாவது அடுத்தவனைக் கொக்காக்கிப் பார்க்க ஆசைப்படுகிறான். ஏ.டி.எம். வாசலில் குறுக்கே பைக்கை நிறுத்துகிறான். சந்திப்பில் பஸ் திரும்புவதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிகிறான். துண்டுக்கு டிக்கெட் கிடையாது, கால்வலி கிடையாது, ஆனால் இடம் உண்டு. கைக்குழந்தையோடு ஏறுகிற பெண் அந்தத் துண்டின் முன்னால் மரியாதையாக நிற்க வேண்டும். டவுன் பஸ்ஸோ, நிறுத்தத்தில் நிற்பதில்லை என்று விரதம் எடுத்திருக்கிறது. ஐம்பது அடி முந்தி நிற்கும், இல்லாவிட்டால் ஐம்பது அடி தாண்டி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல காரியம். அதிலிருந்து, நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் சில டிரைவர்மார் கண்ணுக்கு அந்த நிறுத்தமே தெரிவதில்லை. ஒரு வேட்டி தெரிந்தால்தான் பிரேக் பிடிக்கிறது. எங்கள் தெரு அக்கா ஒருத்தி, "தம்பி, சும்மா ரோட்டோரமா நில்லு, பஸ் நின்னதும் போயிரு" என்று என்னையே தூண்டிலில் புழுவாகக் கோத்திருக்கிறாள்.

சில்லறை வியாபாரத்தின் சந்தை எது என்று கேட்டால், குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைக் காட்டுவேன். 1981இல் நாகர்கோவிலுக்கு ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து அந்தத் தண்டவாளம் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. மேம்பாலம் வருகிறது, வருகிறது என்று வருஷக்கணக்காகப் பேச்சு வந்துகொண்டிருக்கிறது. சரி, பாலம் வராதது அரசாங்கத்தின் குற்றம். கேட் சாத்தியதும் நடப்பது யார் குற்றம்? முதலில் வந்த வண்டி இடது பக்கம் நிற்கும். இரண்டாவது அதன் பின்னால் நிற்கும். மூன்றாவது வருகிறவனுக்கு மூளை ஜாஸ்தி. வலது பக்கம் ரோடு காலியாகத்தானே கிடக்கிறது என்று அதில் போய் முன்னால் நிற்பான். அவனுக்குப் பின்னால் ஐம்பது மூளைக்காரர்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் இதே கதை. கேட் தூக்கும்போது இரண்டு பக்கமும் ரோட்டை முழுசாக அடைத்து, முகத்துக்கு முகம், குருக்ஷேத்திரத்தில் படைகள் நிற்கிற மாதிரி. நடுவில் எந்தக் கண்ணனும் தேரைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது, இடம் இல்லை. ரயில் போக ஒரு நிமிஷம். நாம் போக இருபது. எல்லாரும் ஆரன் அடிக்கிறார்கள். யாரைப் பார்த்து என்பது அடிக்கிறவனுக்கே தெரியாது. பின்னாலிருந்து ஆம்புலன்ஸ் ஒன்று கத்துகிறது, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது. அது நகர்ந்ததும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நாலு பைக் போகிறது. சாகக் கிடக்கிறவனின் அவசரத்திலும் ஒரு துண்டு போட்டு இடம் பிடிக்கிற சாமர்த்தியம் இது.

சவத்தை, எல்லாரையும் ஏசிவிட்டு நான் மட்டும் தப்பிக்கப் பார்க்கிறேன். அடுத்த மாதம் அதே டாக்டர், டோக்கன் 52. இந்தத் தடவை அங்கே வேலை பார்க்கிற ஒருவரின் சித்தப்பாவைப் பிடித்து, போன் போடச் சொன்னேன். ஒன்பதாவது ஆளாக உள்ளே போய்விட்டேன். கதவைத் திறக்கும்போது வராந்தாவில் ஓர் அம்மாள் என்னைப் பார்த்தார்கள். ஏசவில்லை. சபாரிக்காரரை அன்றைக்கு நான் பார்த்தேனே, அதே பார்வை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கையிலிருந்த எக்ஸ்ரே உறையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன். ரிப்போர்ட் மட்டும்.

காத்திருக்கத் தெரியாத ஜனம் என்று நம்மை யாரும் சொல்லிவிட முடியாது. 2023 டிசம்பர் பதினேழாம் தேதி ராத்திரி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை, கம்பி அந்தரத்தில் தொங்கியது. ஏறக்குறைய 800 பேர் ரயிலில். சுற்றிலும் வெள்ளம். பலருக்கு வெளியே வர இரண்டு நாள் ஆயிற்று. பக்கத்து ஊரான புதுக்குடிக்காரர்கள், தங்கள் ஊரே தண்ணீரில் கிடக்கும்போது, அரிசி திரட்டிச் சமைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். அந்த இரண்டு நாளை நான் கொக்குக் கணக்கில் சேர்க்கவில்லை. காரணம் சொல்லப்பட்ட காத்திருப்பு அது. காரணம் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் பெரிய ஆள் ஆவதற்காக யாரையும் நிறுத்திவைக்கவில்லை.

இனி அரசாங்கத்தின் கணக்கு. இதற்குக் கொக்கு போதாது, கொக்குக் கூட்டம் வேண்டும்.

சந்திப்புப் பஸ் நிலையத்தை 2018 கடைசியில் மூடி இடித்தார்கள். ஸ்மார்ட் சிட்டி. 78 கோடி ரூபாய்த் திட்டம். அடித்தளத்துக்குத் தோண்டினார்கள், மணல் வந்தது. தாமிரபரணிக் கரையில் தோண்டினால் மணல் வராமல் மல்கோவா மாம்பழமா வரும்? அந்த மணல் தகராறாகி, வழக்காகி, ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போய் உட்கார்ந்தது. மணல் கோர்ட்டில் காத்திருக்க, குழி ஊரில் காத்திருக்க, பஸ்ஸும் ஜனமும் நடுரோட்டில் காத்திருந்தோம். சுற்றியிருந்த கடைக்காரர்கள் வெறிச்சோடிய வேலியைப் பார்த்துக்கொண்டு ஈ ஓட்டினார்கள். திறந்தது 2024இல். அதற்குள் பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை அஞ்சாம் வகுப்புக்கு வந்துவிட்டது.

இது சின்னக் கணக்கு. பெரிய கணக்கு ஆற்றிலேயே இருக்கிறது. கடலுக்குப் போகிற தாமிரபரணி வெள்ளத்தைத் திருப்பி, கருமேனியாறு, நம்பியாறோடு சேர்த்து, சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துக் காய்ந்த காட்டுக்குக் கொண்டுபோகும் திட்டம். 2009இல் அடிக்கல். மதிப்பு 369 கோடி. 75 கிலோமீட்டர் கால்வாய். திறந்தது 2025 பிப்ரவரியில். செலவு ஆயிரத்து அறுபது கோடி. அடிக்கல் நாட்டியபோது பிறந்த பிள்ளை, தண்ணீர் திறந்தபோது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தது. நடுவே எத்தனை மழைக்காலம், எத்தனை வெள்ளம் கடலுக்குப் போயிற்று! தண்ணீர்கூட நம் ஊரில் டோக்கன் வாங்கித்தான் நிற்க வேண்டும்.

முன்னோர் காலத்திலும் இப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. கொக்கிரகுளத்துக் கரையில் ஒரு காலத்தில் நிஜமான வரிசை நின்றது. பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றைக் கடந்து திருநெல்வேலிக்குப் போக ஓடம்தான் கதி. முதலில் ஏறுவது யார் என்று தள்ளுமுள்ளு, அடிதடி. வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. அந்தக் கரையில் ஜனம் நிற்பதைக் கலெக்டர் கச்சேரியில் வேலை பார்த்த ஒரு சிரஸ்தார் பார்த்துக்கொண்டிருந்தார். சுலோசன முதலியார். பாலம் கட்ட ஆகும் செலவு ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய். அந்தக் காலத்து ஐம்பதாயிரம். கையிலிருந்து கொடுத்தார். 1840இல் ஆரம்பித்து 1843இல் பதினோரு வளைவோடு பாலம் எழுந்தது.

பணம் போன திசையைக் கவனியுங்கள். உத்தியோகஸ்தர் மடியிலிருந்து பொதுஜனத்தின் காலடிக்கு. தாமிரபரணி திரும்பி மேற்கே பொதிகை மலைக்கு ஏறியதைப் பார்த்த மாதிரி அன்றைக்கு ஊர் வாயைப் பிளந்திருக்கும். அந்தப் பாலத்தின் மேல் இன்றைக்கும் பஸ் போகிறது. ஆற்றின் மேல் பதினோரு வளைவு கட்ட அவர்களுக்கு மூன்று வருஷம். தரையின் மேல் பஸ் நிற்க நமக்கு ஐந்துக்கு மேல்.

பாலம் வந்ததால் ஓடத்துக்கு நிற்கும் வரிசை ஒழிந்தது. கரைக்கு வரிசை மேல் என்ன ஆசையோ, அதே கொக்கிரகுளத்தில் வேறொரு வரிசை நிற்கிறது. திங்கட்கிழமைதோறும் மனு நாள். மக்கள் குறைதீர்க்கும் நாள் என்று பெயர்.

மனு கொடுப்பது இந்தக் கரையில் லேசான காரியமாக இருந்ததில்லை. 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலமாக மனு கொடுக்க வந்தவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. ஓட இடமில்லாமல் ஆற்றில் இறங்கினார்கள். பதினேழு பேர் பிணமானார்கள். பால் மணம் மாறாத பிள்ளையும் அதில் ஒன்று.

2017 அக்டோபர் 23. திங்கட்கிழமை. கந்துவட்டியில் மாட்டிய ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் அந்த வளாகத்துக்கு வந்தார். முதல் தடவை அல்ல. பலமுறை மனு கொடுத்தவர். தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003இலிருந்தே சட்டம் இருக்கிறது. சட்டமும் இருந்தது, மனுவும் இருந்தது, அலுவலகமும் இருந்தது, திங்கட்கிழமையும் வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு அவர் மனுவோடு மண்ணெண்ணெயும் கொண்டுவந்தார். நாலு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

என் அளவை இங்கே உடைந்துவிட்டது. ஓர் ஆள், ஒரு மணி நேரம் என்று நான் போட்ட விளையாட்டுக் கணக்கில் அந்தக் குழந்தைகளை எந்தப் பத்தியில் எழுதுவது?

அரசு எந்திரம் மெதுவாக ஓடும் என்று சொல்கிறவர்கள் அடுத்து நடந்ததைக் கேட்க வேண்டும். கார்ட்டூனிஸ்ட் பாலா இதைப் பற்றி ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். முதலமைச்சர், கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூவரும் அதில் இருந்தார்கள். கலெக்டர் புகார் கொடுத்தார். போலீஸ் இங்கிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, சென்னையில் அவரைப் பிடித்து, திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தது. நவம்பர் 5. ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளில்கூட வேலை நடந்திருக்கிறது. "வண்ணார்பேட்டை தாண்டியாச்சு" இல்லை, "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கு" இல்லை, "அடுத்த திங்கள் வாங்க" இல்லை. தீ பிடித்த நாளிலிருந்து பதின்மூன்றே நாளில் ஒரு கோப்பு முடிந்தது. மறுநாள் கோர்ட்டு அவரை ஜாமீனில் விட்டது. ஆக, இந்த எந்திரத்துக்குக் கால் இருக்கிறது, ஓடவும் தெரியும். யாருடைய மானத்துக்காக ஓட வேண்டும் என்பதில்தான் அதற்குத் தெளிவு இருக்கிறது.

ஒரு சான்றிதழை இத்தனை நாளில் தர வேண்டும், தராவிட்டால் அதிகாரிக்கு அபராதம் என்று மத்தியப் பிரதேசம் 2010இலேயே சட்டம் போட்டது. பீகார் 2011இல் போட்டது. கேரளம் 2012இல். எதற்கெடுத்தாலும் பீகாரைச் சொல்லிச் சிரிக்கிறோமே, அதே பீகார். 2021இல் நாமும் அதைத் தேர்தல் வாக்குறுதியாகக் கொடுக்கும் அளவுக்கு முன்னேறினோம்.

கொக்கிரகுளத்திலும் ஒரு மாற்றம் வராமல் இல்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வாசலில் போலீஸ் நின்று, மனு கொண்டுவருகிறவர்களின் பையைத் திறந்து பார்க்கிறது. மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. பையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தாயிற்று. மனுவைத் திறந்து பார்ப்பது அடுத்த கட்டமாக இருக்கலாம்.

போன மாதம் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். எல்லா அலுவலக வாசலிலும் ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு மேசை, மேசையில் மனு எழுதுகிற ஒருவர். அன்றைக்கு மேசைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். சட்டைப்பையில் பேனா வைத்திருந்தது என் தப்பு. எண்பது வயது இருக்கும், ஓர் ஆச்சி என்னிடம் வந்து, "எய்யா, ஒரு மனு எழுதித் தாரியா?" என்றாள்.

"என்ன விசயம் ஆச்சி?"

பட்டா மாற்ற வேண்டும். அவள் மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதற்குள் ஒரு கட்டு. முத்திரை குத்திய ஒப்புகைச் சீட்டுகள், பழைய மனு நகல்கள், மடிப்பில் கிழிந்து நூலாகிப் போன ஒரு பத்திரம். நான் முதலிலிருந்து விவரம் கேட்க ஆரம்பித்தேன். சர்வே எண் என்ன, யார் பேரில் இருக்கிறது, எப்போது வாங்கியது. ஆச்சி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த கட்டில் ஒரு தாளை உருவி மேலே வைத்தாள்.

"எதுக்குய்யா இம்புட்டு சிரமம். போன தடவ எழுதுனத அப்படியே பாத்து எழுது. தேதிய மட்டும் மாத்திரு."